செக்கிங் நாளும் ஸ்கேன் தேதியும்

ஓசூரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிராக்டீஸை விட்டுவிட்டு, அகதிப் பெண்களின் இனப்பெருக்க நலம் குறித்த ஆராய்ச்சிக்குப் போகிறேன். காரணம் கேட்பவர்களுக்காக இந்தப் பதிவு.

சிப்காட் ஷிப்ட் முடித்து வரும் பெண்ணுக்கு லீவு கிடைப்பதுதான் சிக்கல். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்ட இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த ஏழு மாதக் கர்ப்பிணிக்கு ஸ்கேன் தேதி சொன்னேன். "அண்டைக்கு முகாமில செக்கிங், டொக்டர். ஆள் நிக்காட்டி காசை வெட்டிப்போடுவாங்கள்" என்றாள், தலைக்கணக்கு எடுத்துத் தரும் அரசு உதவித்தொகையைச் சொல்லி.

இடம்பெயர்ந்தோரின் இனப்பெருக்க நலத்தை 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாடே பேசியது. இங்கோ 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்த குழந்தைக்கு, பெற்றோர் இருவருமே இலங்கையர் என்றால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. இதெல்லாம் மருந்துச் சீட்டில் தீராது.

முகாம்களில் பணியாற்றிய நர்ஸ் அக்காமார் இன்பாக்ஸுக்கு வாருங்கள். உங்களிடம்தான் முதலில் கற்க வேண்டும்.