டி-ஷர்ட்டில் பச்சை அட்டை... அது எந்தத் தண்ணீர்? நொய்யல் கரையோரம் ஒரு நாள் பயணம்!

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால், நடந்தே போய்விடலாம் காதர்பேட்டைக்கு. எக்ஸ்போர்ட்டுக்குத் தைத்து மிஞ்சியது, சின்னத் தையல் பிசகால் கழித்துக்கட்டியது என மூட்டை மூட்டையாகப் பனியன் துணிகள். பேரம் பேசி நான் எடுத்த டி-ஷர்ட்டின் கழுத்தில் ஒரு பச்சை அட்டை தொங்கியது. `குறைந்த தண்ணீரில், பொறுப்போடு தயாரிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள்.

``அட்டைய கிழிச்சுடட்டுங்களா?'' என்றார் கடைக்காரர்.

``வேண்டாம்ண்ணா, இருக்கட்டும்'' என்று பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த `தண்ணீர்' எங்கிருந்து வந்து, எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அன்றைய திட்டம்.

உப்பு போகும் வழி

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்த ஊரிலிருந்துதான் போகிறது. வெள்ளைத் துணிக்கு நிறம் ஏற்றும் சாய ஆலைகள் வீரபாண்டி, அருள்புரம் பக்கம் அதிகம். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஓர் ஆலைக்குள் போக முடிந்தது. நீராவி வாடை, இரும்புத் தொட்டிகளுக்குள் சுழலும் துணி, தரையெல்லாம் ஈரம்.

``சாயத்தைவிட உப்புதான் எங்களுக்குப் பெரிய பிரச்னைங்க'' என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர். பருத்தி நூலில் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்பு போட்டே ஆக வேண்டும். அடர்த்தியான கறுப்பு, நீலம் என்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கும் மேல் ஆகும். சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவது மட்டும்தான் உப்பின் வேலை. அது துணியில் தங்காது. போட்ட உப்பெல்லாம் கழிவு நீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தைக்கூட எடுத்துவிடலாம். கரைந்த உப்பை எடுப்பதற்குத்தான் பெரும் செலவு.

இப்போது அந்தத் தண்ணீர் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு வழியாக அழுத்தி, நல்ல தண்ணீரைத் திரும்ப ஆலைக்கே அனுப்புகிறார்கள். மிச்சமிருக்கும் உப்பு நீரைக் கொதிக்கவைத்து உப்பாக எடுக்கிறார்கள். ஒரு சொட்டுகூட ஆற்றுக்குப் போகக் கூடாது என்பதுதான் விதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், கொதிக்கவைக்க விறகும் மின்சாரமும் வேண்டும். திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு, மூட்டைகளாகக் கொட்டகைகளில் தேங்குகிறது.

``செலவு எங்க தலையிலதானுங்க. பையர் வந்து ஆடிட் பண்ணுவாங்க, எல்லாம் சரின்னு டிக் அடிப்பாங்க. ரேட்டு மட்டும் ஏத்த மாட்டாங்க'' என்று சிரித்தார் அவர்.

சட்டமா, மனசா?

இந்தப் பொறுப்பு தானாக வந்ததா என்றால், இல்லை. 1990-களில் திருப்பூர் வேகமாக வளர்ந்தபோது, சாயக் கழிவு நேரடியாக நொய்யலில்தான் கலந்தது. பாதிக்கப்பட்ட விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், `மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்பது 2009-ல் உறுதியானது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஒரே நேரத்தில் நின்றன. துணியைச் சாயமேற்ற வெளியூர்களுக்கு லாரியில் அனுப்பினார்கள். வேலையிழந்து ஊர் திரும்பிய குடும்பங்கள் ஏராளம். அதற்குப் பிறகுதான் கழிவே வெளியேறாத முறை இங்கே முழுமூச்சாக நடைமுறைக்கு வந்தது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சி.எஸ்.ஆர். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்குக் கழிப்பறை, ஏரிக்கரையில் மரக்கன்று எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால், அந்த லாபத்தை எப்படிச் சம்பாதித்தார்கள் என்று ஆறு கேட்கும் இல்லையா?

நஞ்சராயன் குளத்தில் பத்து நிமிடம்

ஊத்துக்குளி சாலையில் கிழக்கே போனால், சர்க்கார் பெரியபாளையத்தில் நஞ்சராயன் குளம். 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்த இடம். கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. பனியன் கம்பெனிகளின் சத்தத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படியொரு அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. நம்பிக்கையோடு பஸ் ஏறினேன்.

ஒரத்துப்பாளையம்

ஊத்துக்குளியைத் தாண்டி சென்னிமலை பக்கம் போகும்போது, நொய்யலின் குறுக்கே வருகிறது ஒரத்துப்பாளையம் அணை. ஈரோடு, கரூர் பகுதி வயல்களுக்குப் பாசனம் தருவதற்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த அணை இது. சில ஆண்டுகளிலேயே மேலேயிருந்து வந்த சாயக் கழிவுக்குத் தொட்டியாகிவிட்டது. எந்த விவசாயிகளுக்காகக் கட்டினார்களோ, அவர்களே `இந்தத் தண்ணீரைத் திறக்காதீர்கள்' என்று சொல்லும் நிலை வந்தது. உப்பு மண்ணில் இறங்கியது, கிணறுகளில் இறங்கியது.

நான் போனபோது நீர் குறைவாக இருந்தது. கரையில் சீமைக்கருவேலம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், ``வா கண்ணு, எந்தூரு?'' என்று விசாரித்தார். அவர் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

``முன்னைக்கு இப்ப தேவலைங்க அம்மிணி. அப்பல்லாம் ஆடு வாயே வெக்காது. இப்ப குடிக்குது. நாமதான் குடிக்க முடியறதில்லை. தென்னைக்கு மட்டும் பாயுது'' என்றார்.

சாய ஆலைகள் திருந்தினாலும் நொய்யலுக்கு வேறு தொல்லைகள் இருக்கின்றன. கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வீட்டுச் சாக்கடை கலக்கிறது. மழை வெள்ளத்தோடு திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடும் பட்டறைகளுக்குச் சீல் வைத்த செய்திகளும் அவ்வப்போது வருகின்றன. ஒழுங்காகச் செலவு செய்து சுத்திகரிப்பவர், ஏமாற்றுபவரோடு ஒரே சந்தையில் போட்டி போட வேண்டியிருக்கிறது.

பையிலிருந்த டி-ஷர்ட்டை எடுத்துப் பெரியவரிடம் காட்டினேன். ``என்ன எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லு'' என்றார். சொன்னேன்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ``தண்ணி கம்மியா எடுத்தோம்னு போட்டிருக்காங்க. சரி. உட்ட தண்ணி எங்க போச்சுன்னு போடலியே கண்ணு?'' என்றார்.

அட்டையின் பின்பக்கமும் பார்த்தேன். துவைக்கும் முறை மட்டும்தான் இருந்தது.