பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தட்டு பர்மா!

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நூடுல்ஸ் கிடைக்கும். தள்ளுவண்டி, பெரிய வாணலி, டங் டங்கென்று கரண்டிச் சத்தம், சாஸ் பாட்டில். சிதம்பரம் - விருத்தாசலம் சாலையும் சென்னை - கும்பகோணம் சாலையும் சந்திக்கிற இடமென்பதால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்தான் வாடிக்கையாளர்கள். நூடுல்ஸ் என்றால் இதுதான் என்று எங்கள் ஊரில் பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

ஜப்பானில் வேலை பார்க்கும் சித்தி மகன் லீவில் வந்தபோதுதான் பேச்சு வேறு திசைக்குப் போனது. அவனுக்கு அங்கே பிடித்த சாப்பாடு 'சோபா'. உட்காருகிற சோபா இல்லை. பக்வீட் என்கிற தானியத்து மாவில் செய்த, பழுப்பு நிற மெல்லிய நூடுல்ஸ். வடஇந்தியாவில் நவராத்திரி விரதத்துக்கு 'குட்டு' மாவில் ரொட்டி சுடுகிறார்களே, அதே தானியம்தான். கோதுமை மாவைக் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, மடித்து, கத்தியால் நூலாக நறுக்குவார்களாம். எட்டுப் பங்கு பக்வீட்டுக்கு இரண்டு பங்கு கோதுமை என்பது பெயர்பெற்ற கணக்கு. சூடான சாற்றில் போட்டும் தருவார்கள். குளிரவைத்து மூங்கில் தட்டில் பரப்பியும் தருவார்கள். அப்படித் தந்தால் சின்னப் பீங்கான் குவளையில் இருக்கும் சாற்றில் தொட்டு உறிஞ்ச வேண்டும். 'சர்ர்ர்' என்று சத்தம் வரலாம், தப்பில்லை. ரசத்தைக் கையில் அள்ளி உறிஞ்சுகிற நமக்கு அது ஒரு கஷ்டமா?

அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது கடைசி விஷயம். சாப்பிட்டு முடித்ததும் நூடுல்ஸ் வேகவைத்த வெந்நீரைக் கொண்டுவந்து வைப்பார்களாம். மிச்சமிருக்கும் சாற்றில் அதை ஊற்றிக் கலந்து குடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். நம் வீட்டில் சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பதைப் போலத்தான்.

அந்தக் குவளை ஒன்றையும் வாங்கி வந்திருந்தான். வெள்ளையில் நீலக்கோடு. சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விருத்தாசலத்துல இதைவிட நல்லா செய்வாங்களேடா" என்றாள். பீங்கான் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்தத் திமிர் இருக்கத்தான் செய்யும்.

"இங்க எங்கண்ணே சோபா கிடைக்கும்?" என்று கேட்டான். சென்னையின் ஜப்பானிய ஓட்டல்களுக்கு அவனைக் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால், அவன் ஏங்கியது ஏ.சி. போட்ட ஓட்டலுக்கு அல்ல. டோக்கியோ ரயில் நிலையங்களில், அடுத்த ரயில் வருவதற்குள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுகிற சின்னக் கடைகளுக்கு. அப்படி ஒரு கடை என்றால் எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் ஒரே இடம்தான். அங்கே கிடைப்பது சோபா இல்லை, அத்தோ. ஜப்பான் இல்லை, பர்மா.

எழும்பூரில் மின்சார ரயில் ஏறினால் பார்க், கோட்டை, அடுத்தது பீச். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ராஜாஜி சாலையோரம் வரிசையாகப் பர்மா பஜார் கடைகள். அதற்குப் பின்பக்கம் செகண்ட் லைன் பீச் ரோடு. பகலில் போனால் ஆபீஸ்களும் லாரிகளும்தான் கண்ணில் படும். சாயங்காலம் போக வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் ஆரஞ்சு நிறத்தில் மலைபோல் குவித்த நூடுல்ஸ், பக்கத்தில் பொடியாக நறுக்கிய கோஸ், வெங்காயம், பொன்னிறமாக வறுத்த பூண்டு, ஆவி பறக்கும் சூப் அண்டா. ஸ்டூல் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் நிற்க வேண்டியதுதான்.

"அண்ணே, அங்க மாதிரியே இருக்கு" என்றான் தம்பி. சுற்றி நின்றவர்களில் துறைமுகத் தொழிலாளி இருந்தார், பாங்க் ஊழியர் இருந்தார், கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை.

அத்தோ செய்வதற்கு அடுப்பு வேண்டாம். நூடுல்ஸை முன்பே வேகவைத்துக் கலர் சேர்த்து ஆறவைத்திருப்பார்கள். நாம் கேட்டதும் ஒரு கை நூடுல்ஸ், ஒரு கை கோஸ், பச்சை வெங்காயம், வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு, பொட்டுக்கடலை மாவோ கடலை மாவோ கொஞ்சம், மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர், எலுமிச்சை, கொத்தமல்லி எல்லாம் ஒரு பாத்திரத்தில் விழும். மேலே பூண்டு வறுத்த எண்ணெய் ஒரு கரண்டி. அப்புறம் கையால் ஒரு பிசை. கரண்டியால் கிளறினால் அந்த ருசி வராது என்பது இந்தத் தொழிலின் வேதம். இப்போது சில கடைகளில் கையுறை வந்துவிட்டது. ஆனாலும் பிசைவது கைதான்.

பெயரே அதிலிருந்து வந்ததுதான். பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் இப்படிக் கையால் பிசைந்து கலந்த பண்டம். நூடுல்ஸில் மட்டுமல்ல, இஞ்சியில், தேயிலையில், தக்காளியில் என்று அங்கே விதவிதமான 'தோக்'குகள் உண்டு. நம் ஊரில் நூடுல்ஸ் தோக் ஒன்றே 'அத்தோ' என்று நிலைத்துவிட்டது.

தட்டு கைக்கு வந்ததும் மேலே 'பேஜோ'வை நொறுக்கிப் போடுகிறார்கள். தட்டை மாதிரி மொறுமொறுப்பான சமாச்சாரம். பர்மிய மொழியில் 'பே' என்றால் பருப்பு, 'ஜோ' என்றால் வறுத்தது. கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வரும். காசு கிடையாது, கேட்டால் மறுபடியும் ஊற்றுவார்கள். பர்மாவின் தேசிய உணவு என்று சொல்லத்தக்க 'மொஹிங்கா' மீன் சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்டது. வாழைத்தண்டு அதில் முக்கியமான சேர்மானம். சென்னைக்கு வந்த பிறகு மீன் பல கடைகளில் நழுவிவிட்டது, வாழைத்தண்டு நின்றுவிட்டது. கருவாட்டுத் தூளும் இறால் பொடியும் பர்மாவில் தாராளமாகப் புழங்கும். இங்கே அவற்றின் இடத்தைப் புளியும் மிளகாயும் பிடித்துக்கொண்டன. இதைப் 'போலி' என்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கட்சி இல்லை. ஊர் மாறியவர்கள் நாக்கையும் கொஞ்சம் வளைத்துக் கொள்ளத்தானே வேண்டும்?

முதல் வாயில் மொறுமொறுப்பு. அடுத்து புளிப்பு. வறுத்த பூண்டின் வாசனை மூக்குக்கு ஏறும்போது காரம் தெரியும். நூடுல்ஸ் சில்லென்று இருக்கும், சூப் சுடச்சுட இருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். அதில்தான் விஷயமே இருக்கிறது. தம்பி சூப்பில் சத்தம் போட்டு உறிஞ்சினான். பக்கத்தில் நின்றவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தது முட்டை மசாலா. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர், எண்ணெய் திணித்துத் தருவார்கள். கடிக்கக் கூடாது, முழுசாக வாயில் போட வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்தால் நன்றாகச் சாப்பிட்டோம் என்று அர்த்தம்.

இரண்டாவது கிண்ணம் சூப் வாங்கும்போது கடைக்கார அக்காவிடம், "நீங்க பர்மாவுல பிறந்தவங்களா?" என்று கேட்டேன். "எங்க அம்மா. நான் வியாசர்பாடி" என்றார், பிசைந்துகொண்டே. அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை. ஆனால், அந்த நான்கு வார்த்தைக்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது.

ஒரு காலத்தில் ரங்கூன் போவது தமிழனுக்கு வெளிநாட்டுப் பயணமே இல்லை. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. தஞ்சாவூர், ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வயலுக்கும் கூலி வேலைக்குக் கப்பல் கப்பலாகப் போனார்கள். செட்டிநாட்டு நகரத்தார் வட்டிக்கடை நடத்தினார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால்வாசி அவர்கள் கைக்கு வந்தது. பர்மியர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. போட்டது ஜப்பான். அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அஸ்ஸாம் மலைகள் வழியாகவும் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர். 1952இல் வந்த 'பராசக்தி' படத்தில் ரங்கூனிலிருந்து அகதியாக நடந்து வரும் அண்ணனை நினைவிருக்கிறதா? அது அந்த நடைதான். தம்பியிடம் இதைச் சொன்னபோது சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "அங்க யாரும் இதைப் பத்தி சொன்னதில்லைண்ணே" என்றான்.

போர் முடிந்து பலர் திரும்பிப் போனார்கள். இரண்டாவது அடி 1962இல் விழுந்தது. ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் ஆலைகளும் வங்கிகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறைகளாகச் சேர்த்தது ஒரே நாளில் காகிதமானது. இந்திய அரசு அனுப்பிய கப்பல்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். நகையோ பணமோ பெரிதாகக் கொண்டுவர விடவில்லை. அவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். 'தாய்நாடு' என்று சொல்லி அனுப்பப்பட்ட ஊரை முதல்முறையாகப் பார்த்தவர்கள்.

சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரை வழியாகப் புறப்பட்டவர்கள் மணிப்பூர் எல்லையில் மடக்கப்பட்டார்கள். மோரே என்கிற அந்த எல்லை ஊரில் அப்படியே தங்கி, கோயில் கட்டி, கடை வைத்து இன்றைக்கும் தமிழ் பேசுகிறார்கள்.

சென்னையில் தங்கியவர்களுக்கு வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியிருப்புகள் கிடைத்தன. பிழைப்புக்கு, இறங்கிய துறைமுகத்துக்கு எதிரிலேயே, 1969இல் பர்மா பஜார் வந்தது. எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே டேப்ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் நினைவுக்கு வரும். எங்கள் ஊரில் கல்யாண மாப்பிள்ளைக்கு 'ஃபாரின் வாட்ச்' வாங்க அங்கேதான் ஓடுவார்கள். பஜாரில் நின்றவர்களுக்குச் சாயங்காலம் பசிக்குமே? பழகிய நாக்குக்குப் பழகிய சாப்பாடு வேண்டுமே? அந்தப் பசிக்குத்தான் அத்தோ வந்தது. அப்புறம் துறைமுகத்துக்காரர்கள், ஆபீஸ்காரர்கள் என்று வாடிக்கை பெருகியது. ஃபாரின் சாமான் இப்போது செல்போனிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. பஜாரின் பழைய மவுசு குறைந்துவிட்டது. அத்தோ வண்டிகளில் மட்டும் கூட்டம் குறையவில்லை.

இன்று பல ஊர்களில் 'பர்மா அத்தோ' போர்டு தொங்குகிறது. பர்மாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களும் நடத்துகிறார்கள். நடத்தட்டும். ஆனால், 'அத்தோ ஃப்ரை' என்று வாணலியில் போட்டுச் சாஸ் ஊற்றிக் கிளறித் தருகிறார்களே, அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அது எங்கள் குறுக்கு ரோட்டு நூடுல்ஸ்தான், பெயர் மட்டும் வேறு. கேட்டு வாங்குங்கள்: "பிசைஞ்சு குடுங்க." அஜினமோட்டோ வேண்டாம் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். (அதுவும் ஜப்பான் சரக்குதான். 1909இல் விற்பனைக்கு வந்தது.) குழந்தைகளோடு போனால் மிளகாய்த்தூளைக் குறைக்கச் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் இருநூறு ரூபாயைத் தாண்டாது.

மூன்றாவது கிண்ணம் சூப் குடித்தபடி தம்பி ஒன்று சொன்னான். டிசம்பர் 31 ராத்திரி ஜப்பானில் வீட்டுக்கு வீடு சோபா சாப்பிடுவார்களாம். நீளமாக இருப்பதால் ஆயுசு நீளும் என்று ஒரு நம்பிக்கை. சுலபமாக அறுந்துவிடும் என்பதால் அந்த வருஷத்துக் கஷ்டமும் அறுந்து போகும் என்று இன்னொரு நம்பிக்கை. "இவங்களுக்கு எதுண்ணே அறுந்துச்சு?" என்று அக்கா பக்கம் தலையாட்டினான். எனக்குப் பதில் தெரியவில்லை. அக்கா அதற்குள் அடுத்த தட்டுக்குப் பூண்டு அள்ளிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2004 முதல் வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து போய்ச் சுத்தமாகி, குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகிற திட்டம். அந்தச் சூப் அண்டாவில் அதிலிருந்து ஒரு செம்பாவது விழுந்திருக்கும் என்று தம்பியிடம் அடித்துச் சொன்னேன். அவன் நம்பவில்லை.

பேஜோவை மட்டும் தனியாகப் பார்சல் தருவார்கள். சித்திக்கு நான்கு பாக்கெட் வாங்கினோம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தும் திண்டிவனம் தாண்டுவதற்குள் பாதி நொறுங்கிவிட்டது. நொறுங்கினால் என்ன, எப்படியும் ரசத்தில் நொறுக்கித்தானே போடப் போகிறோம்.