90 நாள் கணக்கு

"தம்பி, ஜூனிலையிருந்து ஒரு அம்பது டொலர் கூட்டித் தாரும். மோட்கேஜ் கட்டேலாமக் கிடக்கு."

ஸ்காபரோவில் பேஸ்மன்ட் வாடகை பல வீடுகளில் இப்படிப் படியில் நின்றபடியேதான் ஏறுகிறது. கேட்பவர் ஊர்க்காரர் என்பதால் இருப்பவரும் தலையாட்டிவிடுகிறார். ஒன்ராறியோச் சட்டப்படி அந்தக் கூட்டல் செல்லாது. ஒரு வருடத்துக்குள் அவர் தீர்ப்பாயத்துக்குப் போனால் கூடுதலாக வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க நேரிடும். ஆனால் அவர் பேசாமல் 12 மாதம் தொடர்ந்து கட்டிவந்தால் செல்லாதது செல்லுபடியாகிவிடும். 2020இல் வந்த இந்தத் திருத்தம், வாய்ப்பேச்சில் வாடகை கூட்டுபவர்களுக்குக் கிடைத்த சலுகை என்றே சொல்லவேண்டும்.

வாடகை வீடுகளைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்1 என்ற படிவத்தில்தான் தொடங்குவார்கள். புதிய வாடகை, தொடங்கும் திகதி, கையெழுத்து என்று நிரப்ப அதிக நேரம் பிடிக்காது. கடைசியாகக் கூட்டி, அல்லது குடிவந்து, 12 மாதமாகியிருக்க வேண்டும். இதிலெல்லாம் பெரிதாகப் பிழை வராது. பிழை வருவது நாட்களை எண்ணும்போது.

பலர் மூன்று மாதம் என்று நினைக்கிறார்கள். சட்டம் கேட்பது 90 நாள். 2026 ஜூன் 1 முதல் கூட்டுவதென்றால் மார்ச் 3க்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். தபாலில் போட்டால் ஐந்தாம் நாளே கிடைத்ததாகக் கணக்கு. ஆக, பெப்ரவரி 26 கடைசி. கையில் கொடுக்கலாம், கடிதப் பெட்டியில் போடலாம். கதவில் ஒட்டக்கூடாது. மின்னஞ்சலில் அனுப்ப, குடியிருப்பவர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். என்றைக்கு, எப்படிக் கொடுத்தோம் என்பதைப் பிரதியின் ஓரத்திலேயே குறித்துவைப்பது நல்ல நிர்வாகிகளின் பழக்கம்.

அடுத்தது தொகை. மாகாண அரசு வருடாவருடம் உச்ச வீதத்தை அறிவிக்கிறது: 2021இல் பூச்சியம், 2022இல் 1.2, அதன்பின் மூன்று வருடம் 2.5, 2026க்கு 2.1 வீதம். 1,800 டொலருக்கு 2.1 வீதம் 37 டொலர் 80 சதம். புதிய வாடகை 1,837.80. எழுதும்போது கை தானாக 1,838 என்று முழுதாக்கிவிடும். அந்த 20 சதம் உச்சத்தைத் தாண்டியது! முழுதாக்கத்தான் வேண்டுமென்றால் கீழ்நோக்கி, 1,837.

கடைசி மாத வாடகையென்று முன்பே வாங்கிவைத்த பணத்தையும் பார்க்க வேண்டும். வாடகை ஏறியதும் அதிலுள்ள குறையை நிரப்பும்படி கேட்கலாம். ஆனால் அந்தப் பணத்துக்கு வீட்டுக்காரர் வருடாவருடம் வட்டி கொடுக்கவேண்டும். அந்த வட்டியும் அதே 2.1 வீதம்தான். 37.80க்கு 37.80 சரியாகப் போய்விடும். இது தெரியாமல் "டிபாசிட்டுக்கும் கூட்டித் தாரும்" என்று கேட்டு மனக்கசப்பை வாங்கிக்கொள்பவர்கள் உண்டு.

2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீடுகளுக்கு இந்த உச்சம் இல்லை. புதிதாகக் கட்டிய பேஸ்மன்ட்கள் பலவும் இதில் அடங்கும். படிவம் என்2. 90 நாளும் 12 மாதமும் மாறாது, தொகைக்கு மட்டும் கட்டுப்பாடில்லை. 300 டொலர்கூடக் கேட்கலாம். இங்கேதான் திகதிக்கு இன்னொரு பக்கம் தெரியவருகிறது. மாத வாடகையில் இருப்பவர் வீட்டைவிட்டுப் போக 60 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். மே 31 அன்று வெளியேறுவதென்றால் ஏப்ரல் 1க்குள் அவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். மார்ச் 3 அன்று படிவம் கையில் கிடைத்தவருக்கு யோசிக்க மிஞ்சுவது நான்கு கிழமை. அதற்குள் வேறு வீடு பார்க்க வேண்டும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தை யோசிக்க வேண்டும், கடன் வரலாற்று அறிக்கை எடுக்க வேண்டும்.

அதனால் அனுபவசாலிகள் ஜனவரியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பிறகு படிவம். சிலர் கூடவே ஒரு துண்டுக் கடிதமும் வைப்பார்கள்: போவதாக இருந்தால் ஏப்ரல் 1க்குள் அறிவியுங்கள், தொகை பற்றிப் பேச வேண்டுமென்றால் அதற்கு முன் வாருங்கள் என்று. சட்டம் கேட்காத கடிதம்தான். பேச வருபவர் வாடகையை ஒழுங்காகக் கட்டுபவர் என்றால் 300 என்று தொடங்கியது 150இல் முடிவதும் உண்டு. வீடு ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தால் போகும் காசை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரர் இறங்கிவருகிறார்.