மேசைக்கு அருகே தோட்டம்

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கின் கீழே ஒரு சமூகத் தோட்டம். அம்மாவுக்குக் கறிவேப்பிலை அங்கிருந்துதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை டெம்ப்சி பகுதிக்கு அழைத்துச் சென்றேன். 2015ல் தொடங்கிய ‘ஓப்பன் ஃபார்ம் கம்யூனிட்டி’ உணவகத்தை ஒட்டியே தோட்டம். அங்கு விளையும் மூலிகைகள் சமையலுக்குப் போகின்றன. அம்மா சிரித்தார்: “நம்ம புளோக் தோட்டந்தான், மேசை போட்டிருக்காங்க!”

நம் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது கோழிச்சோற்றுக் கடைகள் திண்டாடியதை மறந்திருக்க மாட்டோம்.

இத்தகைய உணவகத்துக்கு எப்போதாவதுதான் போவோம். சந்தைக்கு வாரந்தோறும் போகிறோம். அடுத்தமுறை தேக்காவில் முட்டையோ மீனோ வாங்கும்போது, “உள்ளூரில் விளைந்ததா?” என்று கேளுங்கள். அம்மா இப்போது கேட்கிறார்.