எந்த ஸ்டெப் பிடிச்சது பாஸ்?

நான் ட்ரிபிள்-ஈ மூணாவது வருஷம். மெஷின்ஸ் லேப்ல காயில் சுத்தி நொந்தவங்க ஜூடித் ஸ்காட்டோட சிற்பங்களைப் பார்த்தா அசந்துடுவீங்க. ஷாப்பிங் டிராலியில இருந்து கையில கிடைச்சதை எல்லாம் நூலால சுத்திச் சுத்தியே சிற்பம் ஆக்கினவங்க. அவங்களுக்கு டவுன் சிண்ட்ரோம்.

1943-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துல இரட்டைப் பொண்ணுங்க. ஜாய்ஸுக்கு 21-வது குரோமோசோம் ரெண்டு, ஜூடித்துக்கு மூணு. ஏழு வயசுல ஜூடித்தை மட்டும் விடுதியில விட்டுட்டாங்க. 'படிப்பு ஏறாது'னு முத்திரை வேற. 35 வருஷம்! இதுல கொடுமை என்னன்னா, ஜூடித்துக்குக் காது கேட்காது. அதை ரொம்ப நாள் யாருமே கண்டுபிடிக்கலை. வாயால கேள்வி கேட்டு, பதில் வரலைன்னதும் மூளை சரியில்லைனு எழுதிட்டாங்க. மைக்கைச் சொருகாமலே ஆம்ப்ளிஃபையர் அவுட்னு ரிப்போர்ட் எழுதினா, நம்ம லேப்ல மார்க் போடுவாங்களா?

1980-கள்ல ஜாய்ஸ் சட்டப்படி பொறுப்பேத்துக்கிட்டு அவங்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. 1987-ல் ஓக்லாண்டுல, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கான 'கிரியேட்டிவ் க்ரோத்' ஸ்டூடியோவில் சேர்த்தாங்க. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஜூடித் பேருக்குக் கிறுக்கினதோட சரி. ஆனா, யாரும் வெளியே அனுப்பலை. எனக்குப் பிடிச்ச இடமே இதுதான். (நமக்கு ரெண்டு அரியர் விழுந்தாலே வீட்டுல என்ன பேச்சு கேட்கிறோம்!) அப்புறம் ஒரு நூல் வகுப்பு. அவ்வளவுதான், 2005-ல் இறக்கிற வரைக்கும் கை நிற்கவே இல்லை. நூல் கிடைக்காதப்போ பேப்பர் டவலை முடிச்சுப் போட்டே ஒரு சிற்பம் பண்ணியிருக்காங்க. 2014-ல் நியூயார்க் புரூக்ளின் மியூசியத்துல தனிக் கண்காட்சி. எந்தச் சிற்பத்துக்கும் பேர் கிடையாது. 'பாவம்'னு சொல்லிட்டு நகர முடியாது, நின்னு பார்த்தே ஆகணும்.

எங்க சித்தி பையனுக்கும் டவுன் சிண்ட்ரோம். வர்றவங்க எல்லாம் 'எப்பவும் சிரிச்சுட்டே இருப்பான், தெய்வக் குழந்தை'ம்பாங்க. அவனைக் கேட்காம அவன் கலர் பென்சிலைத் தொட்டுப் பாருங்க, தெரியும் சேதி!

போன வருஷம் எங்க கல்சுரல்ஸ்ல ஸ்பெஷல் ஸ்கூல் பசங்களுக்குப் பத்து நிமிஷம் கொடுத்தாங்க. சீஃப் கெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி. ஆட ஆரம்பிக்கிறதுக்குள்ளேயே விசில், கைதட்டல். முடிஞ்சதும் பக்கத்துல இருந்தவன்கிட்ட "எந்த ஸ்டெப் பிடிச்சது பாஸ்?"னு கேட்டேன். முழிக்கிறான்.

உங்க காலேஜ் கல்சுரல்ஸ் கமிட்டியில இருக்கீங்களா? இந்தத் தடவை அந்தப் பசங்களுக்கும் ஆடிஷன் வைங்க. ரிகர்சலுக்கு நேரம் கொடுங்க. ஆட்டம் சரியில்லைன்னா ரிஜெக்ட் பண்ணுங்க, தப்பே இல்லை. முழுசாப் பார்த்துட்டுப் பண்ணுங்க.