அன்னை கேட்ட அரைமணி

“கடல் கடந்து போய் அவள் எதைக் காணப் போகிறாள்? வீட்டிலே விளக்கேற்ற ஆள் வேண்டாமா?”

இப்படிக் கேட்டார் பெரியப்பா. “படித்தவளா, பாஷை தெரிந்தவளா? வழி தவறிப் போனால் என்ன செய்வாள்?” என்று தொடுத்தார் அத்தை. “கணவனை இழந்தவளுக்கு ஊர் சுற்றும் ஆசை ஏனோ?” என்று, வாயால் கேட்காமல் கண்ணால் கேட்டது ஊர்.

நாம் விடையேதும் கூறவில்லை. பயணச்சீட்டு வாங்கினோம். பள்ளியாசிரியை ஒருத்தியின் ஊதியத்தில் பத்துத் திங்கள் மிச்சம் பிடித்த பணம் அது. 2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நான்கே நாள், திருச்சியிலிருந்து சிங்கப்பூர். தாயும் மகளும் மட்டும்.

ஏன் சிங்கப்பூர்? எழில் நகரம் என்பதாலா? ஏடுகள் புகழ்வதாலா? இல்லை. நம் தந்தை உழைத்த ஊர் அது. 1997-இல் அன்னையின் நகைகளை அடகு வைத்து, முகவருக்குப் பணம் கட்டி, மண் தோண்டும் வேலைக்குப் போனார். அப்போது அந்நகரின் அடிவயிற்றைக் குடைந்து வடகிழக்குத் தொடர்வண்டிப் பாதை அமைத்துக்கொண்டிருந்தார்கள். 1998-இல் நாம் பிறந்தபோது அவர் இங்கில்லை. முதன்முதலாக நம்மைத் தூக்கியபோது நமக்கு வயது இரண்டு. பாதை 2003-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஊர் திரும்பினார். 2019-இல் மறைந்தார். ஏழாண்டுக் காலம் அந்நகரின் பெயரை உறையின் மேல் எழுதி எழுதிக் கடிதம் போட்டவர் அன்னை. அவர் அந்நகரைக் கண்டதில்லை.

நான்கு மணி நேர வானூர்திப் பயணம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளினோம். “நம் இரண்டரை மணியை யாரடி எடுத்துக்கொண்டது?” என்று கேட்டுச் சிரித்தார் அன்னை. கடையிலே மீதிச் சில்லறை தந்தார்கள். ஒரு நாணயத்தைக் கண்ணருகே கொண்டு போனார். “சிங்கப்பூர்” என்று தமிழிலே பொறித்திருந்தது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அங்கே ஆட்சிமொழி. நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில் இந்திய வழியினர் வாழும் நாட்டில், காசிலும் நம் எழுத்து! எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அன்னை எழுத்தெழுத்தாக அதைப் படித்தார். அந்தக் காசை அவர் செலவிடவேயில்லை.

மறுநாள் நாம் வகுத்த திட்டப்படி நகரைச் சுற்றினோம். 1859-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. கடலோரத்தில் மூன்று கோபுரங்களின் தலைமேல் கப்பல் போல் கிடக்கும் மாளிகை. இரும்பும் கொடியும் பின்னிய செயற்கை மரங்கள். நாம் விளக்கினோம், விளக்கினோம், வகுப்பறையில் நிற்பது போலவே விளக்கினோம். அன்னை தலையாட்டினார். நன்று, நன்று என்றார். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்றதும் மட்டும் முகம் மலர்ந்தார்.

மாலையில் சாலையோரம் நின்றிருந்தோம். திறந்த லாரி ஒன்று எம்மைக் கடந்தது. அதன் பின்தட்டிலே தொழிலாளர் இருபுறமும் அமர்ந்திருந்தனர். தலைக்கவசம் மடியில், தலையோ உறக்கத்தில் சாய்ந்து சாய்ந்து ஆடியது. அன்னை அந்த லாரி வளைவில் மறையும் வரை பார்த்தார்.

“வேலைக்குப் பஸ்ஸிலே போகிறேன் என்றுதான் உன் அப்பா எழுதுவார்” என்றார்.

நாம் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்: “நானும்தான் எழுதினேன். நகை மீட்டாயிற்று, அரிசி இருக்கிறது, உன் பெரியப்பா நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று. இரண்டு பேரும் நல்ல செய்தியாகவே எழுதினோம்.”

இருபத்தாறு ஆண்டு அன்னையோடு வாழ்ந்தோம். இதைக் கேட்க நாலாயிரம் கல் தொலைவா வரவேண்டும்? இல்லை, தொலைவு அவ்வளவும் இல்லை. ஆனால் நம் வீட்டுக் கூடத்திலிருந்து அடுக்களைக்கு உள்ள தொலைவை நாம் அதுவரை கடந்ததில்லை என்பது மட்டும் விளங்கிற்று.

மூன்றாம் நாள் ஞாயிறு. தேக்காச் சந்தை, சிராங்கூன் சாலை. விடுப்பு நாளாகையால் தொழிலாளர் கூட்டம் கூட்டமாகப் புல்தரையில் அமர்ந்து, செல்பேசியில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். “எல்லாம் நல்லா இருக்கேம்மா” என்றான் ஓர் இளைஞன். அன்னை நம் கையைப் பற்றினார்.

நான்காம் நாள். வானூர்திக்கு இன்னும் பல மணி நேரம் இருந்தது. லிட்டில் இந்தியா நிலையத்து மேடையில் நின்றோம். அன்னை கேட்டார்:

“எனக்கு ஒன்று வேண்டும். தருவாயா? உன் அப்பா பூன் கெங்கிலே வேலை பார்த்ததாக எழுதுவார். இங்கிருந்து இரண்டாவது நிலையம் அது. நான் போய் வருகிறேன். நான் மட்டும். அரைமணி போதும்.”

நமது விடை என்ன தெரியுமா, அன்பர்களே?

“வேண்டாம் அம்மா. உனக்குப் பாஷை தெரியாது. வழி தவறிப் போனால் என்ன செய்வாய்?”

சொல்லி முடித்த நொடியே நம் செவியில் விழுந்தது, அது நம் குரல் அல்ல; அத்தையின் குரல்! சொல்லும் மாறவில்லை, சுருதியும் மாறவில்லை. பெண் விடுதலை பற்றி மேடையிலே முழங்குகிறோம். மாணவியரைப் பேச்சுப் போட்டிக்குப் பழக்குகிறோம். பட்டம் பெற்ற பெருமை வேறு! ஆனால் பெற்றவள் தனித்து இரண்டு நிலையம் போக விரும்பினால், நம் நாவிலே பழைய பூட்டு வந்து தொங்குகிறது. முன்பு பூட்டியவர்கள் அதற்குக் கட்டுப்பாடு என்று பெயரிட்டார்கள். நாம் அக்கறை என்று பெயரிட்டோம். அவ்வளவே வேறுபாடு.

பயண அட்டையை அவர் கையில் கொடுத்தோம். ஓட்டுநரே இல்லாத வண்டி வந்தது. கதவு திறந்தது, மூடிற்று. முதல் பெட்டியின் முன் கண்ணாடியருகே நின்று, விளக்குகள் ஓடி வரும் சுரங்கத்தை நோக்கியபடி அன்னை போய்விட்டார்.

அரைமணி ஆயிற்று. நாற்பது நிமிடம் ஆயிற்று. அவரிடம் செல்பேசி இல்லை. பள்ளி வாயிலில் முதல் நாள் நம்மை விட்டுவிட்டு அவர் எப்படி நின்றிருப்பார் என்பதை அந்த மேடையிலே கற்றோம். ஒவ்வொரு வண்டியாக வந்தது. ஒவ்வொன்றிலும் அவரைத் தேடினோம்.

நாற்பத்தைந்தாம் நிமிடத்தில் இறங்கினார். நடையிலே ஒரு நிமிர்வு. “பூன் கெங் என்று தமிழிலேயே எழுதியிருக்கிறதடி. படித்துவிட்டுத்தான் இறங்கினேன்” என்றார்.

“என்ன செய்தாய் அம்மா, இவ்வளவு நேரம்?”

“மேடையில் உட்கார்ந்திருந்தேன். அஞ்சாறு வண்டி போனது. எழுதாமல் விட்டதை எல்லாம் அவரிடம் சொன்னேன்.”

“என்ன சொன்னாய்?”

“உன்னிடம் சொல்வதற்கா தனியாகப் போனேன்?” என்றார் அன்னை. நாம் அதன்மேல் கேட்கவில்லை.

ஊர் திரும்பினோம். பெரியப்பா கேட்டார், “என்னென்ன பார்த்தாய்?” என்று. “பார்க்க வேண்டியதைப் பார்த்தேன்” என்று கூறிவிட்டு, அன்னை அடுப்பைப் பற்ற வைத்தார். நாம் அருகே சென்று அரிசி களைந்தோம். இத்தனை ஆண்டு செய்யாத வேலை; நீர் சிந்திற்று. அவர் சிரித்தார்.

தாயைத் தெய்வம் என்கிறோம். தியாகத் திருவுரு என்று வாழ்த்துகிறோம். எண்ணிப் பாருங்கள்: தெய்வத்திடம் தமக்கு வேண்டியதைக் கேட்போர் ஆயிரம் பேர், தெய்வத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்போர் ஒருவரும் இலர். அந்தப் பீடத்திலே ஏற்றித்தான் அன்னையரை வாய்மூடி வைத்திருக்கிறோம். இறக்கி அமர்த்துவோம். கடல் கடக்கப் பணமில்லையேல் கவலை வேண்டாம்; அடுத்த ஊர்ச் சந்தை போதும். “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்போம். அவர் கேட்பது நமக்கு அச்சம் தருவதாயினும், அந்த அரைமணியைக் கொடுப்போம்.

கொடுப்போம் என்றா எழுதினோம்? பிழை. அது முன்னரே அவருடையது.