திவானாக்கிலிருந்து: சுன்யோவும் லாமாக்களின் வழியும்

அன்புள்ள நண்பருக்கு,

பொலிவியாவின் லா பாஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், டிட்டிகாக்கா ஏரியை அடுத்த மேட்டுவெளியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,850 மீட்டர் உயரத்தில் அமைந்த திவானாக்கு, கி.பி. 500 முதல் 1000 வரை தென் ஆண்டீஸ் மலைநாட்டின் தலைமை நகராக விளங்கியது. இவ்வுயரத்துக்குப் பழகாதவரை முதல் நாளே தலைவலியும் மூச்சிரைப்பும் பிடித்துக்கொள்கின்றன. அதற்குக் கைமருந்தாகக் கோகா இலை போட்ட வெந்நீர் தரப்படுகிறது. உறைபனி விழும் இம்மேட்டில் கோகா விளையாது. கிழக்குச் சரிவின் வெப்பப் பள்ளத்தாக்குகளிலிருந்தே அது வந்தாக வேண்டும். மக்காச்சோளமும் ஏரிக்கரையின் சில அடக்கமான இடங்கள் நீங்கலாக இங்கு நன்றாக விளைவதில்லை. எனினும் அகழ்வுகளில் கேரோ எனப்படும், வாய் அகன்ற மண் குவளைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்து வடிக்கும் சிச்சா என்னும் மதுவைப் பருகுவதற்கு உரியவை.

அகப்பனா என்னும் படிமேடையும் கதிரவன் வாயிலும் படங்களில் பலமுறை கண்டவையாதலால், அவற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை. எழுதத் தூண்டியது இடிபாடுகளுக்கு அருகே ஒரு சிற்றுணவகத்தில் கிடைத்த மதிய உணவு. ஆட்டிறைச்சித் துண்டுக்குப் பக்கத்தில், பெருநெல்லி அளவில், கருத்துச் சுருங்கிய ஐந்தாறு உருண்டைகள் வைக்கப்பட்டிருந்தன. சுன்யோ என்பது அதன் பெயர். கடித்தால் பஞ்சுபோல் அமுங்கி நீர் கசிகிறது. ஈர மண்ணின் மணமும் இலேசான கசப்பும் நாவில் தங்குகின்றன. பத்து நாட்களாக ரசஞ்சோற்றுக்கு ஏங்கிய நாவுக்கு முதல் உருண்டை ஏமாற்றமாகவே இருந்தது. மூன்றாவது உருண்டைக்குள் அது பழகிவிட்டது.

சுன்யோ என்பது உறையவைத்து உலர்த்திய உருளைக்கிழங்கு. ஜூன், ஜூலை மாதங்களின் கடுங்குளிர் இரவுகளில் கிழங்குகளைத் திறந்த வெளியில் பரப்பிவிடுகிறார்கள். இரவில் உறைந்தது பகல் வெயிலில் இளக, அதைக் குவித்துக் காலால் மிதித்து, நீரையும் தோலையும் நீக்கி, மீண்டும் பனியிலும் வெயிலிலும் காயவிடுகிறார்கள். ஓடும் நீரில் ஊறவைத்து வெளுப்பாக எடுப்பது துந்தா எனப்படுகிறது. பச்சையாக உண்ண முடியாத கசப்புக் கிழங்கு வகைகளும் இம்முறையால் உணவாகிவிடுகின்றன. கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீராதலால், காய்ந்தபின் எஞ்சுவது சிறு பங்கே; ஆனால் அது ஆண்டுக்கணக்கில் கெடாது.

இவ்விடத்தில்தான் உணவுத் தட்டு தொல்லியலோடு இணைகிறது. அக்கால ஆண்டீசில் மாடும் குதிரையும் வண்டியும் இல்லை. சுமை விலங்கு லாமா ஒன்றே. அது சுமப்பது 25 முதல் 30 கிலோ, நடப்பது நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோமீட்டர். வழியில் மேய்ந்துகொள்வதால் தீவனம் சுமக்க வேண்டியதில்லை. ஆயினும் பச்சைக் கிழங்கை ஏற்றினால் அது பெரும்பாலும் தண்ணீரையே சுமந்து செல்லும். சுன்யோவை ஏற்றினால் முழுச் சுமையும் உணவு. சார்கி எனப்படும் உப்புக்கண்டமும், உப்பும், கம்பளி நூலும் இதே கணக்கில் அடங்குகின்றன. உயுனி உப்புவெளியிலிருந்து லாமா மந்தையில் உப்பேற்றிச் சென்று, கீழ்ப் பள்ளத்தாக்குகளில் மக்காச்சோளம் மாற்றி வரும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது.

இப்பரிமாற்றத்தை வணிகம் என்று சொல்லலாமா என்பதில் அறிஞர்கள் ஒருமித்ததில்லை. ஆண்டீஸ் சமூகங்கள் சந்தையை நம்பாமல், வெவ்வேறு உயரங்களில் தம் மக்களையே குடியேற்றி வேண்டியதை விளைவித்துக்கொண்டன என்று ஜான் முர்ரா 1972இல் வாதிட்டார். லாமா மந்தைகளின் வழி நடந்த பரிமாற்றத்தையே டேவிட் பிரவ்மன் முதன்மைப்படுத்தினார். தீர்ப்புக்குத் துணைசெய்வது பற்களும் எலும்புகளும். ஒருவர் வளர்ந்த மண்ணின் ஸ்ட்ரான்ஷியம் என்னும் தனிமம் உணவின் வழியே அவருடைய பல்லில் பதிந்துவிடுவதால், அவர் எங்கே பிறந்து வளர்ந்தவர் என்பதை ஓரளவு அறியலாம். இன்றைய பெருவின் மொக்கேகுவா பள்ளத்தாக்கில் புதைக்கப்பட்டோருள் சிலர் டிட்டிகாக்காப் பகுதியில் வளர்ந்தவர்கள் என்று கெல்லி நட்சன் செய்த ஆய்வு காட்டியது. வடசிலியின் சான் பெத்ரோ தே அத்தகாமாவில், திவானாக்குப் பாணிப் பொருள்களோடு புதைக்கப்பட்டோரிலும் உள்ளூர்க்காரரே காணப்பட்டனர். ஓரிடத்துக்கு மக்கள் சென்றனர். மற்றோரிடத்துக்குப் பொருள்கள் சென்றன. ஆதலால் இரு அறிஞர்களில் ஒருவரை முழுதும் தள்ளிவிடுவது சரியாகாது.

எனினும் தொல்லியல் துறை ஒளிரும் பொருள்களுக்கே மிகுந்த இடம் தருவது வருத்தத்துக்குரியது. டிட்டிகாக்காவின் கோவா தீவருகே நீருக்கடியில் கிடைத்த பொன்தகடுகளும், ஈக்வடார்ப் பகுதியின் வெங்கடலிலிருந்து வந்த ஸ்பாண்டிலஸ் சிப்பியும் உலகச் செய்தியாயின. சிப்பி வந்த வழியெங்கும் மனிதர் எதையேனும் தின்றே நடந்திருப்பர். அந்த உணவு மக்கிப்போனதாலேயே அது வரலாற்றில் சிறிதாகிவிட முடியாது. வறண்ட இடம் வாய்த்தால் அழியும் பொருளும் பேசும் என்பதற்குத் தென்மேற்குப் பொலிவியாவின் ஒரு குகை சான்று. அங்குக் கிடைத்த, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழைமையுடைய தோல் மூட்டையில், மூன்று நரிகளின் மூக்குத்தோலைச் சேர்த்துத் தைத்த பை ஒன்றும் இருந்தது. அதைச் சுரண்டிச் சோதித்தபோது, கோகா உட்பட, அம்மேட்டில் விளையாத செடிகளின் வேதித் தடயங்கள் தெரிந்தன என்று 2019இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

லா பாஸ் அங்காடிகளில் இன்றும் கருப்பும் வெள்ளையுமாகச் சுன்யோவைக் குவித்து விற்கிறார்கள். அதில் அரைக் கிலோ பெட்டிக்குள் ஏறிவிட்டது. ஊருக்கு வந்ததும் ஓர் இரவு ஊறவைத்துத் தங்களுக்கும் சமைத்துத் தரப்படும். அதற்கு மாற்றாக, இந்தக் கோடையில் மாடியில் இட்ட வடகத்தில் ஒரு படி எடுத்து வைத்திருக்க வேண்டும்.